தீர்ப்புகளைத் தமிழாக்கிய முன்சீப்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை

தமிழில் முதல் நாவலைத் தந்தவர் என்னும் ஒரு பெருமையே மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் மற்றப் பணிகளையெல்லாம் மறைத்து நிற்கிறது. பிரதாப முதலியார் சரித்திரத்தை அறிந்தோர் பலர்; நீதிநூலை அறிந்தோர் அவரினும் சிலர்; சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இசையரங்கில் கேட்டு மகிழ்ந்தோரும் உளர். ஆனால் அவர் 1862ஆம் ஆண்டில் வெளியிட்ட சித்தாந்த சங்கிரகம் என்னும் நூலைப் பெயரளவிலேனும் அறிந்தவர் மிகச் சிலரே. கதையோ கவிதையோ அன்று அது. வழக்குமன்றத் தீர்ப்புகளின் தொகுப்பு. எனினும் அவருடைய வாழ்வின் உட்பொருளை விளங்கிக்கொள்ள விரும்புவோர் முதலில் கையிலெடுக்க வேண்டிய நூல் அதுவே எனலாம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் வேதநாயகம் பிள்ளை பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய வேளாளர் குடும்பம் அது. இளமைக் கல்வியைத் தந்தையாரிடமே பெற்றவர், பின்னர்த் தியாகராய பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். அவ்வாசிரியர் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். இரு மொழிகளையும் நீதிமன்றத்தின் வாயிலிலேயே கற்றது போன்ற இவ்வாய்ப்பு, மாணவரின் வாழ்நாள் முழுமைக்கும் திசை காட்டியது.

ஆவணக் காப்பறையிலிருந்து

1848இல் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார் வேதநாயகம் பிள்ளை. ஈராண்டுகளில் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். வழக்குகளின் கட்டுகளை அடுக்கி வைப்பவராகவும், பிறகு அவற்றை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்பவராகவும் இருந்த இக்காலமே, அன்றைய நீதிமுறையின் உள்ளமைப்பை அவர் கண்ட காலம். அவ்வமைப்பைச் சிறிது நோக்குதல் ஈண்டு இன்றியமையாதது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் சென்னை மாகாணத்தில் இரு வகை நீதிமன்றங்கள் இயங்கின. சென்னை நகரில் அரசரின் பெயரால் 1801இல் நிறுவப்பெற்ற சுப்ரீம் கோர்ட் ஒன்று. அது இங்கிலாந்துச் சட்டத்தைக் கைக்கொண்டது. நகருக்கு அப்பாலுள்ள ஊர்களுக்கெல்லாம் கம்பெனியின் நீதிமன்றங்கள். அவற்றுள் தலைமையானது 1802இல் தோன்றிய சதர் அதாலத் என்னும் மேல்முறையீட்டு மன்றம். மக்கள் வழக்கில் அது சதர் கோர்ட். அதன் கீழ் ஜில்லா நீதிபதிகள். அவர்களுக்கும் கீழே, 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்களால் அமைந்த ஜில்லா முன்சீப்கள். நாட்டு மக்களுள் ஒருவர் நீதிபதியாக அமர்வதற்கு அன்று திறந்திருந்த வாயில்களுள் முதன்மையானது இம்முன்சீப் பதவி.

இம்மன்றங்கள் எந்தச் சட்டத்தைக் கொண்டு தீர்ப்பளித்தன என்பதே அறியத்தக்கது. வாரிசுரிமை, திருமணம், மகவேற்பு முதலியவற்றில் இந்துக்களுக்கு இந்து தரும நூல்கள். இசுலாமியருக்கு அவர்தம் சமயச் சட்டம். இவற்றுள் அடங்காத வழக்குகளில் நீதி, நேர்மை, நன்மனச்சாட்சி என்னும் மூன்றையே நீதிபதி துணைக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் மனச்சாட்சி என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுவதன்றோ? அவ்வேறுபாட்டை அடக்குவதற்கு ஆங்கில நீதிபதிகள் தம் நாட்டில் பழகிய வழியையே நாடினர். இங்கிலாந்தின் பொதுச் சட்டம் பேரளவும் நீதிபதிகளின் முடிவுகளால் வளர்ந்தது. மேல்மன்றம் ஒரு வழக்கில் ஒரு முடிவு கூறிவிட்டால், அதையொத்த பிற வழக்குகளில் கீழ்மன்றங்கள் அம்முடிவையே பின்பற்ற வேண்டும். அம்முறை கடல் கடந்து இங்கும் வேரூன்றியது. பண்டிதர்களின் கருத்தைக் கேட்டுச் சொல்லப்பட்ட தரும நூல் விளக்கம்கூட, ஒரு முறை தீர்ப்பில் ஏறிவிட்டால் அத்தீர்ப்பே பிற்பாடு ஆதாரமாயிற்று. நீதிமன்றப் பண்டிதர் பதவிகள் 1864இல் ஒழிக்கப்பட்ட பின்னர்த் தீர்ப்புகளின் ஆட்சி மேலும் வலுப்பெற்றது.

இதன் விளைவு எளிதில் புலனாகும். ஒரு குடியானவனின் நிலம் யாருக்கு, ஒரு கைம்பெண்ணின் சோற்றுக்கு யார் பொறுப்பு என்பனவெல்லாம் முந்தைய தீர்ப்புகளைக் கொண்டு முடிவு செய்யப்பட்டன. அத்தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தன. அக்குடியானவனால் அவற்றைப் படிக்க இயலாது. அவனுக்காக வாதாடிய வக்கீல்களுள்ளும், தீர்ப்பளித்த முன்சீப்களுள்ளும் ஆங்கிலம் அறியாதார் பலர். தன்னைக் கட்டுப்படுத்தும் விதி எது என்று அறியாமலே மக்கள் விதிக்குக் கட்டுப்பட்டனர். மொழிபெயர்ப்பாளரின் மேசையில் அமர்ந்து இந்த இடைவெளியை நாள்தோறும் கண்டவர் வேதநாயகம் பிள்ளை.

தரங்கம்பாடி முதல் மாயூரம் வரை

1850களின் பிற்பகுதியில் முன்சீப் பதவி அவரை வந்தடைந்தது. முதலில் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்களின் ஆட்சியில் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்து, 1845இல்தான் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட துறைமுக ஊர் அது. ஒரு கையெழுத்தால் ஓர் ஊரின் ஆட்சியும் நீதிமுறையும் மாறிவிட்டன. அவ்வூரின் வழக்குகளைக் கேட்க அமர்ந்த தமிழ் நீதிபதிக்கு, சட்டம் என்பது இயற்கையாக முளைத்ததன்று, ஆட்சியோடு வந்து இறங்குவது என்னும் உண்மை எளிதில் விளங்கியிருக்கும். பின்னர்ச் சீகாழியிலும், அதன்பின் மாயூரத்திலும் அவர் பணியாற்றினார். மாயூரத்தில் மட்டும் பதின்மூன்று ஆண்டுகள் முன்சீப்பாக விளங்கியமையால் அவ்வூர் அவர் பெயரோடு ஒன்றிவிட்டது.

இக்காலத்தில்தான், 1859இல், நீதிநூல் வெளிவந்தது. அறம் கூறும் நூல்கள் தமிழில் பல உண்டு. அவற்றை இயற்றியோருள் நாள்தோறும் பொய்ச்சாட்சியையும், மோசடிப் பத்திரத்தையும், கைக்கூலியையும் நேரில் கண்டு தீர்ப்பெழுதியவர் எத்துணை பேர்? கைக்கூலியைக் கடிந்து அந்நூலில் அவர் பாடிய செய்யுட்கள் ஏட்டறிவால் விளைந்தவை அல்ல. நீதிமன்றத்தின் தாழ்வாரங்களை அறிந்தவரின் சினத்தால் விளைந்தவை.

சித்தாந்த சங்கிரகம்

1805ஆம் ஆண்டு முதல் 1861ஆம் ஆண்டு வரை சதர் கோர்ட்டார் அளித்த தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் தந்தது சித்தாந்த சங்கிரகம். ஐம்பத்தாறு ஆண்டுக் காலத்து முடிவுகள்! நாள் முழுதும் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதும் ஒருவர், ஓய்வுப் பொழுதில் மேற்கொண்ட உழைப்பு இது. அதனோடு நில்லாது 1862, 1863ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகளையும் அவர் தமிழில் வெளியிட்டார்.

இவ்வேலையின் கடுமையைக் கவிஞர்கள் நன்குணர்வர். ஒரு செய்யுளை மொழிபெயர்ப்பவன் பொருளைச் சற்று நெகிழ்த்தினால் நயம் குறையும். தீர்ப்பை மொழிபெயர்ப்பவன் ஒரு சொல்லை நெகிழ்த்தினால் ஒருவனுடைய வீடு கைமாறிப் போகும். ஆங்கில நீதிபதி எழுதிய ஒரு நீண்ட வாக்கியத்தில், எது அவ்வழக்குக்கு மட்டும் உரியது, எது பின்வரும் வழக்குகளையெல்லாம் கட்டுப்படுத்தும் விதி என்று பிரித்தறிய வேண்டும். பிரித்ததைச் சுருக்க வேண்டும். சுருக்கியதைத் தமிழில் ஐயத்துக்கு இடமின்றி நிறுத்த வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஏற்ற உரைநடை அன்று தமிழில் ஆயத்தமாக இருக்கவில்லை. உரையாசிரியர்களின் நடை இருந்தது. பாதிரிமார்களின் நடை இருந்தது. கச்சேரிகளில் பாரசீகமும் வடமொழியும் கலந்து வழங்கிய எழுத்தர் நடையும் இருந்தது. வாதம், காரணம், முடிவு என்று படிப்படியாக ஏறிச் செல்லும் நடையொன்றை அவர் தாமே பழகிக்கொள்ள வேண்டியவரானார். பதினேழு ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாவலைத் தாங்கிய அந்த உரைநடைக்கு இத்தீர்ப்புகளே பயிற்சிக்களமாயின என்று கருதுவது பிழையாகாது.

நூல் வெளிவந்த காலமும் குறிப்பிடத்தக்கது. 1862ஆம் ஆண்டு இந்திய நீதிமுறையின் திருப்புமுனை. அவ்வாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்டுத் திங்களில் சென்னை உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டும் சதர் கோர்ட்டும் அதனுள் அடங்கி மறைந்தன. எந்த மன்றத்தின் தீர்ப்புகளை வேதநாயகம் பிள்ளை தமிழாக்கினாரோ, அம்மன்றமே இல்லாமற் போயிற்று. ஆயினும் பொதுச் சட்ட முறையில் மன்றம் மறைந்தாலும் தீர்ப்பு மறைவதில்லை. சதர் கோர்ட்டின் முடிவுகளைப் புதிய உயர் நீதிமன்றத்திலும் வக்கீல்கள் எடுத்துக் காட்டினர். எனவே அவர் உழைப்பு வீணாகவில்லை.

அதே ஆண்டுகளில் கடலுக்கப்பால் இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில், தென்னிந்தியக் குடும்பங்களின் தலைவிதியை எழுதிக்கொண்டிருந்தது. சிவகங்கை ஜமீனின் உரிமை பற்றி 1863இல் ஒரு தீர்ப்பு. இராமநாதபுரம் சமஸ்தானத்தில் கைம்பெண் மகவேற்றது செல்லுமா என்பது பற்றி 1868இல் ஒரு தீர்ப்பு. நூலில் எழுதிய விதியைக் காட்டிலும் நிலைநாட்டப்பட்ட வழக்காறே வலியது என்று பின்னதில் அம்மன்றம் உரைத்தது. 1863இல் வந்த மற்றொரு தீர்ப்போ வேதநாயகம் பிள்ளை போன்றோரின் வீட்டுக்குள்ளேயே நுழைவது. பெல்லாரியில் வாழ்ந்த ஆபிரகாம் என்னும் கிறித்தவ வணிகரின் சொத்து அவர் மனைவிக்கா, உடன்பிறந்தாருக்கா என்பது வழக்கு. மதம் மாறியவர் தம் முன்னோரின் இந்துச் சட்டத்தை விட்டுவிடவும் செய்யலாம், தொடர்ந்து கைக்கொள்ளவும் செய்யலாம். அவர் வாழ்ந்த முறையே அதைக் காட்டும் என்று பிரிவி கவுன்சில் கூறியது. இரண்டாண்டுகளில், 1865இல், இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்து கிறித்தவருக்குத் தனி விதி வகுத்தது. வேளாளக் குடியில் பிறந்து கிறித்தவராய் வாழ்ந்து, நாள்தோறும் இந்துக்களின் பாகப்பிரிவினை வழக்குகளில் தீர்ப்பளித்த ஒருவர் எத்தனை சட்டங்களின் நடுவே நின்றார் என்பதை இது காட்டும். எச்சமயத்தாரும் பாடத்தக்க சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை அவர் 1878இல் வெளியிட்டதற்கு, அவர்தம் விரிந்த உள்ளத்தோடு இவ்வனுபவமும் ஒரு காரணமாகலாம்.

அவைக்கு வெளியே

நீதிபதியின் இருக்கை அவரைப் புலவர் கூட்டத்திலிருந்து பிரிக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய உயிர் நண்பர். சைவ மடத்தின் பெரும்புலவர் கத்தோலிக்க முன்சீப் ஒருவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை பாடினார் என்பது அந்நட்பின் ஆழத்தைக் காட்டும். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் அவரிடம் பேரன்பு பூண்டிருந்தார்.

பெண் கல்வியை வற்புறுத்திப் பெண்மதி மாலை இயற்றியதோடு மாயூரத்தில் பெண்களுக்குப் பள்ளியொன்றையும் அவர் நிறுவினார். 1872இல் பதவியினின்று ஓய்வு பெற்றார். பின்னர் மாயூரம் நகராட்சியின் தலைவராகவும் தொண்டாற்றினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டிகள் அமைத்துப் பசித்தோரைக் காத்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைக் கண்டு நெகிழ்ந்து அவரைப் போற்றிக் கீர்த்தனை பாடினார்.

ஞானாம்பாளின் நீதிமன்றம்

ஒரு முன்சீப்பின் எல்லை குறுகியது. பொதுச் சட்ட முறையில் மேல்மன்றத்தின் சொல்லே கீழ்மன்றத்தைக் கட்டும். கீழ்மன்றத்தின் சொல் எவரையும் கட்டாது. முன்சீப் எழுதும் தீர்ப்பு எத்துணைச் செம்மையுடையதாயினும் அவ்வழக்கின் வாதி பிரதிவாதியோடு முடிந்துவிடும். மேல்முறையீட்டில் மாறினால் அதுவும் இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை நீதிக்கே கொடுத்தும், பின்வருவோர் எடுத்துக் காட்டத்தக்க ஒரு தீர்ப்பையும் சட்டத் தொகுதிகளில் விட்டுச் செல்லும் உரிமை வேதநாயகம் பிள்ளைக்கு இல்லை. பிறர் வகுத்த விதிகளைத் தமிழருக்குத் தெரிவிக்கலாம். தாம் ஒரு விதி வகுத்தல் இயலாது.

அவ்வுரிமையை அவருக்கு அளித்தது இலக்கியம். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில், செய்யாத குற்றத்துக்காகப் பிரதாபன் சிறைப்படுகிறான். ஆண்வேடம் பூண்டு அவனைத் தேடிவரும் ஞானாம்பாள், பட்டத்து யானை மாலை சூட்ட விக்கிரமபுரியின் அரசாகிறாள்; ஆராய்ந்து நீதி வழங்கி நாட்டைச் செம்மைப்படுத்துகிறாள். இப்பகுதியைப் பழங்கதைகளின் சாயல் என்று ஒதுக்குவது திறனாய்வாளர் வழக்கம். யானை பழங்கதையினது, ஞானாம்பாள் அமர்ந்த இருக்கையோ முன்சீப் கோர்ட்டை அறிந்தவர் ஆக்கியது. மேல்முறையீடு இல்லாத ஒரு நீதிமன்றம் அவருக்குக் கற்பனையில்தான் வாய்த்தது.

அந்நாவலிலேயே நீதிமன்ற மொழியைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசுகிறார். தமிழ் நாட்டில், தமிழ் பேசும் நீதிபதியின் முன், தமிழ் பேசும் வக்கீல்கள், தமிழ் மட்டுமே அறிந்த கட்சிக்காரரின் வழக்கை ஆங்கிலத்தில் வாதாடும் விந்தையை எள்ளி நகைக்கிறார். தம் உயிரையும் உடைமையையும் பற்றி நிகழும் பேச்சைக் கட்சிக்காரர்கள் விளங்காமல் பார்த்து நிற்கும் அவலத்தைச் சுட்டுகிறார். சித்தாந்த சங்கிரகம் எதற்காக எழுந்ததோ, அதே நோக்கமே இங்குக் கதை வடிவில் பேசுகிறது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தின் ஆட்சி குறையாமல் பெருகியது என்பதே அவர் கண்ட ஏமாற்றம்.

1887இல் சுகுணசுந்தரி சரித்திரம் வெளிவந்தது. 1889ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21ஆம் நாள் வேதநாயகம் பிள்ளை இயற்கை எய்தினார்.

தொடரும் வழக்கு

அவர் கண்ட நீதிமுறை அவரோடு முடியவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவிய சட்டங்கள் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலும் இலங்கையிலும் இயற்றப்பட்டன. ஆங்கிலேயர் அகன்ற பின்னும் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் நீதிமன்றங்கள் முந்தைய தீர்ப்பைப் பின்பற்றும் அப்பொதுச் சட்ட நெறியையே ஏற்றுள்ளன. இந்நாடுகள் நான்கிலும் தமிழர் வாழ்கின்றனர். நான்கிலும் அவர்களுடைய வழக்குகளை முடிவு செய்யும் உயர்ந்த தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. தமிழ்நாட்டில் 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. கீழ்மன்றங்களில் தமிழ் பின்னர் இடம்பெற்றது. உயர் நீதிமன்றத்தின் மொழி, அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி, இன்றும் ஆங்கிலமே. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுட் சில 2019இல் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவரத் தொடங்கின. சித்தாந்த சங்கிரகம் அச்சேறி நூற்றைம்பத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்னரே அது நிகழ்ந்தது. அதற்கு முன் ஒரு தனி மனிதர், அரசின் ஆணையை எதிர்பாராமல், ஓய்வுப் பொழுதில் செய்த வேலை அது.

சட்டநூல் வரிசையில் சித்தாந்த சங்கிரகத்துக்கு இன்று பயன் இல்லை. அது எடுத்துரைத்த விதிகள் பல மாறிவிட்டன. சில ஒழிந்தே போயின. தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் அதைத் தவிர்க்க இயலாது. தமிழால் எதையும் சொல்ல முடியும் என்று மேடையில் முழங்குவது எளிது. ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, பிறனொருவனின் உரிமை கெடாதவாறு தமிழில் சொல்லிக் காட்டுவது வேறு. வேதநாயகம் பிள்ளை இரண்டாவதைச் செய்தவர். அதனாலேயே, நாவல் எழுத அமர்ந்தபோது தமிழ் அவர் கைக்குள் நின்றது.